சிப்பாய்க் கல்லைத் தூக்கிய கார்முகிலன்

கார்முகிலனுக்கு நெஞ்சு ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருட்டு பிரியாத நேரத்திலேயே மைதானத்துக்கு வந்து வரிசையில் நின்றவன். ஓட்டத்தில் முதல் கூட்டத்தோடு வந்தான். கம்பியில் பத்து தடவை தம் கட்டி ஏறினான். ஒன்பதடிப் பள்ளத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டினான். எல்லாம் முடிந்து பந்தலுக்குள் போனபோது, ஒருவர் அளவு நாடாவை அவன் மார்பைச் சுற்றிப் பிடித்து மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தான். இன்னும் இழு என்றார். கண் பிதுங்க இழுத்தான். சும்மா இருக்கும்போது உள்ள அளவுக்கும் விரியும்போது உள்ள அளவுக்கும் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டும். நான்குதான் வந்தது. அவர் அவன் முதுகில் தட்டி, வெளியே போகிற வழியைக் கை காட்டினார்.

அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. மைதானத்து மதில் ஓரமாகக் காத்திருந்த அவன் அப்பா ராமமூர்த்தி விஷயத்தைக் கேட்டு நம்பவே இல்லை.

"நெஞ்சு பத்தலயா? உனுக்கா? சிப்பாய்க் கல்லையே தூக்கனவன்டா நீ. சரியா அளந்தானா இல்லியா?"

"அளந்தாங்க நைனா. ரெண்டு வாட்டி அளந்தாங்க."

சிப்பாய்க் கல் என்பது அவர்கள் ஊர் ஏரி மதகுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு குண்டுக்கல். திமிரியிலிருந்து கிழக்கே போனால் வரும் சிற்றேரிப்பாக்கம்தான் அவர்கள் ஊர். கல் பூசணிக்காய் வடிவம். கைக்குப் பிடி எங்கும் கிடைக்காது, வழவழவென்று இருக்கும். ஆற்காட்டு நவாப் காலத்தில் படைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் ஊர் இளவட்டங்களை வரிசையாக நிறுத்தி, இந்தக் கல்லை மார்பு வரைக்கும் தூக்கியவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனதாக ஊரில் சொல்வார்கள். பிறகு வெள்ளைக்காரன் காலத்திலும் அப்படித்தான் எடுத்தார்களாம். அந்த ஊரில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது சீருடை போட்ட போட்டோ மாட்டியிருக்கும். மிலிட்டரிக்குப் போக நினைக்கிற பையன்கள் காணும் பொங்கல் அன்று அந்தக் கல்லைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். கார்முகிலன் பதினேழு வயதிலேயே அதைத் தொடைக்கு உருட்டி, மார்பில் அணைத்து, தோள் வரைக்கும் ஏற்றிப் பின்பக்கமாகப் போட்டான். அவனுக்கு வேலை நிச்சயம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

அடுத்த வருஷமும் போனான். இந்த முறை மூச்சுப் பயிற்சி செய்து நெஞ்சை விரித்து வைத்திருந்தான். ஆனால் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே பின்னால் வந்தவன் கால் பட்டு விழுந்துவிட்டான். முழங்கால் சிராய்ப்போடு எழுந்து ஓடினான். எல்லைக் கோட்டை நெருங்கும்போது நேரம் முடிந்ததென்று குறுக்கே கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் தேறியவர்கள். இவன் இந்தப் பக்கம் நின்றான். அப்போதும் மூச்சு வாங்கவில்லை, அதுதான் பேஜாராக இருந்தது என்று பிற்பாடு சொன்னான்.

அதற்குள் அவன் மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சேர்த்துவிட்டவர் அதே ஊர்க்காரர் தனகோடி. அவர் அங்கே பல வருஷமாக வேலை பார்த்தவர். அவருடைய தம்பி பூவரசன் கார்முகிலனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், உயிர்த் தோஸ்த். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். வேலை என்னவென்றால், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக் கனத்துப்போன தோல்களை இரும்புக் கொக்கியால் இழுத்து வெளியே போடுவது, அப்புறம் அவற்றைத் தூக்கிச் சுழலும் மர டிரம்முக்குள் தள்ளுவது. ஈரத்தோலைத் தூக்குவது கல்லைத் தூக்குவதை விடச் சிரமம். கல் கையை விட்டு நழுவினாலும் ஒரு பக்கமாகத்தான் நழுவும். தோல் எல்லாப் பக்கமும் நழுவும். இருவர் சேர்ந்து தூக்குவதைக் கார்முகிலன் ஒருவனே தூக்குவான். சூப்பர்வைசர் ஷபீ அஹமது அவனைத் திட்டுவார்.

"டேய், இடுப்பு போய்டும்டா. உனுக்குக் கூடவா ஒரு ஆள் இல்ல?"

"இருக்கட்டும் பாய். பிராக்டீஸ்."

கொரோனாவில் ஆள்சேர்ப்பு நின்று போனது. மறுபடி தொடங்கியபோது சாதாரண சிப்பாய்க்கான வயது அவனுக்குத் தாண்டிவிட்டது. இருபத்துமூன்று வயது வரைக்கும் இடம் கொடுக்கும் டிரேட்ஸ்மேன் பிரிவுக்கு, அதாவது படைக்குச் சமையல், தையல் போன்ற வேலைகளுக்கு, எழுதிப் போட்டான். இந்த முறை எதுவும் தவறவில்லை. ஓட்டம், கம்பி, பள்ளம், நெஞ்சு, எல்லாம் தேறியது. மருத்துவப் பரிசோதனையில் கண், காது, பாதம், பல் எல்லாம் பார்த்து சரி என்று விட்டார்கள். எழுத்துத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். கார்முகிலனின் அம்மா சுந்தரி, தான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

அந்தத் தேதிக்காகக் காத்திருந்த காலத்தில்தான் இஷ்தியாக் அகமது ஊருக்கு வந்தார். அவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு சிப்பாய்க் கல்லைப் பார்க்க வந்திருந்தார். இப்போது இதைத் தூக்குகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார். ஏரிக்கரையில் இருந்த எல்லாரும் கார்முகிலனைக் கை காட்டினார்கள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கிக் காட்டினான். மாணவர்கள் கை தட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். கடைசியில் அவர் கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்கக் கூடாது. இந்தக் கல்லை வெச்சி ஆள் எடுத்தாங்கன்னு நான் தேடன வரைக்கும் எங்கயும் எழுதி இல்ல."

"அப்போ எப்பிடி சார் எடுத்தாங்க?" என்றான் கார்முகிலன்.

"நவாப் காலத்துல ஜமேதார்னு ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச ஊர்ங்களுக்குப் போவார். ஆள் நம்பிக்கையானவனா, கத்தி ஈட்டி கைல இருக்கா, அவ்ளோதான் பார்ப்பார். கம்பெனிக்காரன் வந்தப்புறம் உயரம் பாக்க ஆரம்பிச்சான். கோலை நட்டு பக்கத்துல நிக்க வெப்பான். கோலுக்குக் கம்மியா இருந்தா வூட்டுக்குப் போன்னுவான். அப்புறம் பல்லு."

"பல்லா?"

"முன் பல்லு. அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து காகிதத்துல சுத்தி வரும். அதைப் பல்லால கடிச்சிக் கிழிச்சித்தான் குழாய்ல கொட்டணும். முன் பல்லு போச்சின்னா பீமனே வந்தாலும் வாணாம்னுடுவான். நெஞ்சை அளக்கறதெல்லாம் அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சி வந்துது."

கார்முகிலன் வாயைத் திறந்து தன் பல்வரிசையைக் காட்டினான். "அப்போ நான் கம்பெனி காலத்துல மொத வாட்டியே பாஸ் சார்." மாணவர்கள் சிரித்தார்கள். ராமமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எழுதி வெக்கலன்னா நடக்கலன்னு ஆயிடுமா சார்? எங்க ஊர்ல எத்தினி பேரு போய் எத்தினி பேரு திரும்பி வர்ல. அதெல்லாம் யாரு எழுதி வெச்சாங்க?"

"அதுவும் வாஸ்தவந்தான்," என்றார் இஷ்தியாக் அகமது. சொன்னதோடு நில்லாமல், ஏரிக்கரையில் உட்கார்ந்து ராமமூர்த்தி சொன்ன பெயர்களை எல்லாம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அப்புறம் ஒரு நாள் அந்தத் தேர்வே கிடையாது, இனி புதிய திட்டத்தில்தான் ஆள் எடுப்பார்கள் என்று செய்தி வந்தது. புதிய திட்டத்தில் வயதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்தத் தளர்த்திய வயதையும் கார்முகிலன் சில மாத வித்தியாசத்தில் தாண்டியிருந்தான். இந்த முறை யாரும் அவன் முதுகில் தட்டி வழி காட்டவில்லை. போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அன்று தொழிற்சாலைக்கு வழக்கம்போலப் போனான். தனகோடி அவனை டீக்கடைக்கு அழைத்துப் போய், "போனா போவுது, வுடு. இங்கயே மேஸ்திரி ஆயிடுவ," என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். அவர் சொன்னதால் டீயைக் குடித்தான்.

அந்த வருஷமே அவனுக்குக் கல்யாணம் ஆனது. தீபலட்சுமி, சுந்தரி வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். மாமியார் பார்த்து வைத்த பெண் என்று ஊரில் கேலி செய்வார்கள். வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஓட்டப்பந்தய ஷூவை என்ன செய்வது என்று அவள்தான் கேட்டாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு ஒரே மழைக்காலத்தில் அது போயிற்று.

அடுத்த கோடையில் அந்த விபத்து நடந்தது. தொழிற்சாலைக் கழிவுநீர் எல்லாம் வந்து சேரும் நிலத்தடித் தொட்டியில், மோட்டார் உறிஞ்சும் குழாயை மயிரும் சவ்வும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் எதிர்த்து வந்து தரையில் நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். தனகோடி மூடியைத் திறந்து, இரும்பு ஏணியில் இறங்கினார். முன்பும் பலதடவை இறங்கியவர்தான். பாதி ஏணியில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே கீழே விழுந்தார். பக்கத்தில் நின்ற மதியழகன், டிரம் ஓட்டுகிறவர், வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து உடனே இறங்கினார். அவரும் ஏணியிலேயே துவண்டு, ஒரு கை கம்பியில் மாட்டிக்கொள்ள, தலை தொங்கி நின்றார்.

சத்தம் கேட்டுக் கார்முகிலன் ஓடிவந்தபோது பூவரசன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அண்ணா! அண்ணா!" என்று கத்தியபடி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். கார்முகிலன் பின்னால் இருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

"வுட்றா! எங்கண்ணன்டா!"

"எறங்காத. செத்துடுவ."

"வுட்றா டேய்!"

பூவரசன் உதைத்தான், முழங்கையால் இடித்தான், கடைசியில் கார்முகிலனின் மணிக்கட்டைக் கடித்தான். கார்முகிலன் விடவில்லை. அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இரண்டு பேர் கையில் கொடுத்து, கீழே தள்ளி மேலே உட்காரச் சொன்னான். அதற்குள் வேறு ஒருவன் இறங்கப் போனான். அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போட்டான். "எவனும் எறங்கக் கூடாது!" என்று கத்தினான். ஷபீ அஹமது தீயணைப்புக்குப் போன் போட்டுக்கொண்டே, கம்ப்ரசர் காற்றுக் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் விட்டார்.

கார்முகிலன் முகத்தைத் திருப்பி மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, தோல் இழுக்கும் நீளக் கொக்கியோடு தொட்டி வாயில் குப்புறப் படுத்தான். இரண்டு பேர் அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மதியழகன் ரப்பர் ஏப்ரன் கட்டியிருந்தார். அதன் முதுகு வாரில் கொக்கி மாட்டவில்லை. வெளியே வந்து மூச்சு வாங்கி மறுபடி படுத்தான். மாட்டியது. படுத்த வாக்கில், வலது கையால் மட்டும், நனைந்து கனத்த ஒரு முழு மனிதனைக் கம்பியிலிருந்து விடுவித்து மேலே இழுத்தான். தோளுக்குள் ஏதோ கிழிகிற சத்தம் அவனுக்கே கேட்டதாம். தலை மேலே தெரிந்ததும் மற்றவர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மதியழகனுக்கு மூச்சு இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

தனகோடி தொட்டியின் அடியில் சேற்றுக்குள் கிடந்தார். கொக்கிக்கு எட்டவில்லை. தீயணைப்பு வீரர்கள் முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு இறங்கித்தான் அவரை எடுத்தார்கள். அதற்கு வெகு முன்பே விஷவாயுவில் அவர் உயிர் போயிருந்தது என்று டாக்டர் சொன்னார்.

தொழிற்சாலைக்குச் சீல் வைத்தார்கள். வழக்குப் பதிவானது, இன்னும் நடக்கிறது. கார்முகிலனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலது கை தோளுக்கு மேலே இனி ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டை போடுவதற்குத் தீபலட்சுமி உதவ வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய வலி பூவரசன். சாவு வீட்டில், கையில் கட்டோடு மாலையைக் கொண்டுபோன கார்முகிலனை எல்லார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். "நீ புடிக்காம இருந்தா எங்கண்ணன் இருந்திருப்பான். மதியழகனைத் தூக்கனியே, எங்கண்ணனை ஏன்டா வுட்ட?" என்றான். கார்முகிலன் மாலையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் பூவரசன் தலையைத் திருப்பிக்கொள்வான்.

பத்திரிகைக்காரர்கள் வந்து, இவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று கார்முகிலனைக் கேட்டார்கள். "தைரியம்லாம் ஒண்ணும் இல்லிங்க. ஓடியாந்து பாக்கறேன், மதியழகன் அண்ணன் ஏணியிலயே தொங்கறாரு. பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் பூவரசனைப் புடிச்சேன்," என்றான். அவர்கள் அதைப் போடவில்லை. ராணுவத்தில் சேர முடியாத வீரர் என்று போட்டார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு அவன் பேப்பரைத் தீபலட்சுமியிடம் கொடுத்து, "எங்கியாவது வெச்சிடு," என்றான்.

தனகோடியின் மனைவி நந்தினி ஒரு வருஷம் போலக் கார்முகிலனோடு பேசாமல்தான் இருந்தாள். ரேஷன் கடை வரிசையில் ஒரு நாள் நந்தினியும் பூவரசனும் நிற்கும்போது கார்முகிலன் வந்து பின்னால் நின்றான். பூவரசன் வரிசையை விட்டு விலகிப் போகப் பார்த்தான். நந்தினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போற? நில்லு. ரெண்டு பாடை கட்டியிருக்கணுமா எங்கூட்ல? எனுக்கு ஒரு பாடைதான் கட்டனாங்க. அதுக்குக் காரணம் இவன். உனுக்குப் புரியலன்னா போ, ஆனா என் எதிர்ல மூஞ்சத் திருப்பாத."

பூவரசன் நின்றான். விலகிப் போகவில்லை. கார்முகிலன் அரிசியை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது, சைக்கிளில் பின்னால் வந்த பூவரசன் மூட்டையை வாங்கிக் கேரியரில் வைத்துக்கொண்டான்.

கார்முகிலன் இப்போது பல தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தில் வேலை பார்க்கிறான். ஷபீ அஹமதுதான் சிபாரிசு செய்தார். எந்தத் தொட்டியைத் திறந்தாலும் முதலில் இவனைத்தான் கூப்பிட வேண்டும். காற்றைச் சோதிக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பான். ஆளை மேலே இழுக்கும் முக்காலிச் சட்டமும் சங்கிலி வின்ச்சும் வந்து நின்றால்தான், பாதுகாப்பு வார் மாட்டினால்தான், ஒருவரை உள்ளே விடுவான். பெரும்பாலும் இயந்திரத்தை வைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்பான். ஆள் இறங்குவது அவனுக்குப் பிடிக்காது. ஒருமுறை அவசரப்பட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர், அஞ்சு நிமிஷ வேலைதானே என்று சத்தம் போட்டார். கார்முகிலன் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டான். அவர் மேலாளருக்குப் போன் செய்து, மேலாளர் வந்து, பேசி முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பூவரசனும் சென்ற வருஷம் அங்கே மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். இருவரும் தனகோடியைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கிரிக்கெட், பஸ் நேரம், தீபலட்சுமிக்குப் பிறந்த பெண் குழந்தை ஹரிணி, இப்படித்தான் பேச்சு. ஒரு தடவை பூவரசன் தொட்டிக்குள் இறங்கியே ஆக வேண்டி வந்தது. பாதுகாப்பு வாரை அவனுக்குக் கார்முகிலன்தான் மாட்டினான். தோளுக்கு மேலே வரும் கொக்கியை மாட்ட வலது கை ஏறவில்லை. பூவரசன் அதைப் பார்த்துவிட்டு, முழங்காலை மடித்துக் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்.

"இறுக்கமா இருக்குதா?"

"ஜாஸ்தியாவே இருக்குது. மூச்சு வுட முடியல."

"அப்பிடித்தான் இருக்கணும். மூச்சு இழு, பாப்போம்."

பூவரசன் மூச்சை இழுத்தான். கார்முகிலன் வாரை ஒரு துளை தளர்த்திவிட்டு, வின்ச்சில் நின்றவரிடம் கையைக் காட்டினான். சங்கிலி மெதுவாக இறங்கியது. பூவரசன் உள்ளே இருந்த நேரம் முழுக்கக் கார்முகிலன் தொட்டி வாயை விட்டு நகரவில்லை. மோட்டாரில் சிக்கிய துணியை எடுத்துக்கொண்டு பூவரசன் மேலே வந்ததும், மூடியைப் போட்டுப் பூட்டினார்கள். அப்புறம் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.